தீயோர் வேடம்

மலராசிரியர் அவர்கள் கடல்கடந்து வாழும் பழைய மாணவர்களிடமும் கட்டுரை வேண்டி எழுதியிருந்தார். தொழிலைப் பற்றியும் எழுதலாம், ஓய்வுப் பொழுதைப் பற்றியும் எழுதலாம் என்பது அவர் தந்த சலுகை. முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கணக்காய்வாளனாய்க் காலங்கழித்தவன் தன் தொழிலைப் பற்றி எழுதப் புகுந்தால் அதனை முற்றாகப் படிப்போர் இருவரே இருப்பர்: ஒருவர் எழுதியவர், மற்றவர் அச்சுப்பிழை பார்ப்பவர். ஆகவே ஓய்வுப் பொழுதையே தெரிந்துகொண்டேன். ரொறன்ரோ மாநகரின் கீழ்ப்பாகமாகிய ஸ்காபறோவில், எங்கள் வீட்டு நிலக்கீழறையில், ஐந்து இளைஞர்களைத் தீயோர் வேடம் புனையவைத்து, 2022ஆம் ஆண்டு ஐப்பசி முதல் 2024ஆம் ஆண்டு பங்குனி வரை நான் நடத்திய ஆட்டமொன்றின் வரலாறு இது.

ஆட்டத்தின் பெயர் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. மேசை, கடதாசி, பென்சில், பகடை என்பனவே அதற்கு வேண்டிய கருவிகள். பகடை என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். சகுனியின் கைவண்ணத்தை நாம் மறந்தோமல்லோம். வள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளார். அன்னோர் அஞ்சவேண்டியதில்லை. இங்கே பணயம் இல்லை. ஒரு சதமேனும் கைமாறுவதில்லை. வெல்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை.

நாட்டுக்கூத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. கூத்திலே அண்ணாவியார் ஒருவர், ஆடுவோர் பலர். இங்கும் அப்படியே. ஆனால் இந்த அண்ணாவியாரிடம் ஏடு இல்லை. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தாமே படைத்துக்கொள்வர். அப்பாத்திரத்தின் வலிமை, சுறுசுறுப்பு, உடலுரம், அறிவு, விவேகம், வசீகரம் ஆகிய ஆறும் எண்களாய் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். எஞ்சிய உலகம் முழுவதும், அரசனும் ஓடக்காரனும் மழையும் கதவின் பூட்டும், அண்ணாவியார் பொறுப்பு. "நான் மதிலேறுகிறேன்" என்பான் ஆடுபவன். ஏறினானா வழுக்கினானா என்று ஐயம் பிறக்குமிடத்து இருபது முகங்கொண்ட பகடையை உருட்டுவான். விழுந்த எண்ணோடு தன் திறனுக்குரிய எண்ணைக் கூட்டுவான். கூட்டுத்தொகை அண்ணாவியார் குறித்த இலக்கை எட்டினால் ஏறினான், எட்டாவிடின் விழுந்தான். அடுத்து நிகழ்வது யாது என்பதை அவனும் அறியான், அண்ணாவியாரும் அறியார். இந்த ஒப்புமையைப் பிள்ளைகளுக்கு ஒருநாட் சொல்லப்போய், அன்றுமுதல் "அண்ணாவியார்" என்பதே எனக்குப் பட்டப்பெயராயிற்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த காரி கைகாக்ஸ் என்பவரும், மினெசோற்றா மாநிலத்து டேவ் ஆர்ணசன் என்பவரும் சேர்ந்து வகுத்த இவ்வாட்டம் 1974இல் மூன்று சிறு புத்தகங்களாய் ஒரு பெட்டியில் வெளிவந்தது. முதற்பதிப்பு 1000 பிரதிகளே. இருவரும் அதற்கு முன்னர்ப் படை பொம்மைகளை மேசைமீது நகர்த்திப் போராடி வந்தவர்கள். ஒரு படைக்குப் பதிலாக ஒருவனை மாத்திரம் ஆட்டினால் என்ன என்ற எண்ணமே எல்லாவற்றுக்கும் வித்தாயிற்று.

இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்லவேண்டும். தீயோரை ஆடுவது பிற்காலத்தார் புகுத்திய புதுமையன்று. ஆட்டம் அச்சேறுமுன்பே ஆர்ணசனின் மேசையில் சேர் பாங் என்னும் இரத்தக்காட்டேரியாக ஒருவர் ஆடினார். அவர் கொட்டத்தை அடக்க ஆளின்றிப் போகவே, காட்டேரிகளை விரட்டவல்ல குருவானவர் ஒருவரை இன்னொருவர் ஆடவேண்டியதாயிற்று. இன்று உலகெங்கும் இவ்வாட்டத்தில் காயம் ஆற்றுபவனாயும் அருள் பாலிப்பவனாயும் விளங்கும் குருக்கள் என்னும் வகுப்பு அங்ஙனம் பிறந்ததே. கைகாக்ஸின் மேசையிலோ றொப் குன்ட்ஸ் என்பவர் ஆடிய றொபிலார் என்ற தீய வீரன் புகழ்பெற்றவன். 'பயங்கரங்களின் சமாதி' என்னும் பொறிகள் நிறைந்த சுரங்கத்துள் தன் ஏவலாளராகிய ஓர்க்குகளை முன்னே நடக்கவிட்டு, அவர்கள் மாளும் இடங்களைக் கண்டு தான் வழியறிந்து சென்றவன் அவன். நம்மூர்ப் பெரிய மனிதர் சிலர் இம்முறையைப் புத்தகம் படியாமலே கைக்கொண்டிருந்தனர் என்பது வேறு விடயம்.

பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுக்கக்குறி உண்டு. 1974இல் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்றே இருந்தன. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் நன்மை தீமை என்னும் அளவுகோலும் குறுக்கே வைக்கப்பட்டு ஒன்பது அறைகளாயின. சொன்ன சொல் தவறாது, சட்டத்தை மீறாது, அச்சட்டத்தாலேயே பிறரை நசுக்குபவன் ஒழுங்குடைய தீயோன். ஒருநாள் தேநீர் இடைவேளையில் எங்கள் பிள்ளைகள் பாரதத்துப் பாத்திரங்களை இவ்வறைகளில் அடைக்கப் புகுந்தார்கள். சகுனிக்கு இடங் கிடைத்தது. துரியோதனனுக்காகச் சண்டை மூண்டது. கன்னன் எந்த அறைக்குள்ளும் அடங்கவில்லை. அது நல்ல சகுனம் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

நான் இவ்வாட்டத்தைக் கற்றது 1984இல். 1983 ஆடிக்குப் பின் கனடாவுக்கு மாணவனாய்ப் போய்ச் சேர்ந்தவன், பல்கலைக்கழக விடுதியில் அறைத்தோழர்களாய் வாய்த்த மூன்று கனேடியப் பையன்களின் மேசையில் ஒரு வெற்றிடம் இருந்தமையால் அமர்த்தப்பட்டேன். என் ஆங்கிலம் அந்த மேசையிலேதான் நடக்கப் பழகிற்று. அக்காலத்தில் வட அமெரிக்காவில் இவ்வாட்டத்துக்கு எதிராகப் பெருங்கூச்சல் எழுந்திருந்தது. 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் காணாமற் போனமைக்கு ஆட்டமே காரணமென்று பத்திரிகைகள் எழுதின. அது பிழை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் 1982இல் அக்கதையைத் தழுவித் தொலைக்காட்சிப் படமே வந்துவிட்டது. ஆட்டம் பிள்ளைகளைப் பிசாசு வழிபாட்டுக்கு இழுக்கிறதென்று 1983இல் ஒரு சங்கமும் அமைந்தது. கூச்சலின் விளைவாக 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து கொலைஞன் என்னும் வகுப்பு நீக்கப்பட்டது. பின்னர் காற்று மாறிற்று. 1991இல் ஆடுவோர் எல்லோரும் இரத்தக்காட்டேரிகளாகவே ஆடும் வேறோர் ஆட்டம் வந்து பெரும்புகழ் பெற்றது. 2014ஆம் ஆண்டின் நடத்துநர் கையேட்டில் மரணத்தைத் தொழும் குருவுக்கும் சபதம் முறித்த வீரனுக்கும், தீயோர்க்கு உரியவை என்ற குறிப்போடு, விதிகள் தரப்பட்டுள்ளன.

இனி எங்கள் நிலக்கீழறைக்கு வருவோம்.

ஐவரும் பத்தொன்பதுக்கும் இருபத்தாறுக்கும் இடைப்பட்டவர்கள்: என் மகன், சட்டம் படிக்கும் என் தங்கையின் மகள், அவளுடைய தோழியர் இருவர், தாதித் தொழில் பயிலும் அயல்வீட்டுப் பையன். அவன் அதிகம் பேசான். அவனும் தமிழ்ப் பிள்ளையே. ஐவரும் கனடாவிற் பிறந்தவர்கள். ஆட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். கோபமும் பலகாரமும் வரும்போது தமிழ் தலைகாட்டும். பல ஆண்டுகள் நல்லோராய் ஆடி, இளவரசிகளை மீட்டு, ஊர்களைக் காத்து அலுத்தவர்கள், "இம்முறை நாங்கள் கெட்டவர்களாக ஆடவேண்டும்" என்று கேட்டார்கள்.

தீயோர் ஆட்டங்கள் பெரும்பாலும் ஐந்தாறு இரவுகளைத் தாண்டுவதில்லை. விடுதிக் காலத்திலிருந்து நான் கண்டது இது. நல்லோர் ஐவர் ஒன்றுகூடுதற்கு ஒருத்தி "காப்பாற்றுங்கள்" என்று கூவினாற் போதும். தீயோர் ஐவரோ, "இதில் எனக்கென்ன?" என்று ஒவ்வொருவராய்க் கேட்பர். மூன்றாம் இரவில் ஒருவன் மற்றவன் பையைத் திருடுவான். நான்காம் இரவில் நஞ்சு வைப்பான். ஐந்தாம் இரவில் நஞ்சுண்ட பாத்திரத்தின் சொந்தக்காரன் மேசையை விட்டு எழுந்து போவான். உண்மையான நட்பு முறிந்து கிடக்கும்.

ஆகவே முதற் சனிக்கிழமை ஆட்டம் இல்லை, உடன்படிக்கை மாத்திரம். ஐவரும் தம்முள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதாயின், காட்டிக்கொடுக்கப்படும் பாத்திரத்தை ஆடுபவர் முன்கூட்டியே சம்மதித்திருக்கவேண்டும். சிறுவர் மீதான கொடுமையும் பெண்டிர் மீதான வன்செயலும் இந்த மேசைக்கு வாரா. சித்திரவதை உண்டென்று சொல்லலாம், விவரித்தலாகாது, திரை விழுந்துவிடும். இவ்விரு வகையையும் எல்லைக்கோடு என்றும் திரை என்றும் பிரித்தவர் றொன் எட்வேட்ஸ் என்னும் ஆட்ட ஆசிரியர். ஜோன் ஸ்ராவ்றொப்பொலஸ் என்பவர் வகுத்த இன்னொரு வழக்கத்தையும் கொண்டோம்: பெருக்கற்குறி இட்ட அட்டை ஒன்று மேசை நடுவே கிடக்கும். எவரேனும் அதனைத் தொட்டால் அக்காட்சி அக்கணமே வெட்டப்படும், காரணம் கேட்கலாகாது.

மூன்றாவது நிபந்தனை என்னுடையது. ஒவ்வொரு பாத்திரமும், எது வந்தாலும் தான் காட்டிக்கொடாத ஒன்றைத் தாளின் தலைப்பில் எழுதவேண்டும். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லை ஐவருக்கும் அன்று விளக்கினேன். கன்னன் தீயோர் பக்கம் நின்றது தீமையில் விருப்பங்கொண்டா? சபதம் முறித்த வீரனாகிய என் மகன், தான் கைவிட்ட தலைவனின் குதிரையை எழுதினான். படைத்தலைவி தன் ஓர்க் வீரர்களை எழுதினாள். மரணத்தைத் தொழும் பூசாரிச்சி இறந்துபோன தமையனை எழுதினாள். கொலைஞனை ஆடிய அயல்வீட்டுப் பையன், பள்ளத்தாக்கில் வாழும் கண்பார்வையற்ற தாயை எழுதினான். மந்திரம் வல்ல எழுத்தாளராய் ஆடிய மருமகள் நெடுநேரம் பென்சிலைக் கடித்திருந்து, "கோட்டை" என்று ஒரே சொல்லை எழுதினாள்.

அந்தக் கோட்டையே அவர்களைக் கட்டிய கயிறு. மலைப் பள்ளத்தாக்கொன்றை ஆண்ட கொடுங்கோலன் இறந்துபோகிறான். அவனுடைய ஏவலர் ஐவரும் கோட்டையைக் கைப்பற்றிக்கொள்கின்றனர். மலைக்கணவாயிற் பனி விழுந்துவிட்டது; அரசனுடைய சேனை அடுத்த ஆண்டுப் பனி உருகும்வரை, பதினான்கு மாதங்களுக்கு, வரமாட்டாது. அதுவரை ஆளலாம், அதன்பின் போராடவேண்டும்.

முதல் மூன்று இரவுகளும் குறும்பாகவே கழிந்தன. மதுவின் விலை கூடுதலென்று ஒரு சத்திரத்தைக் கொளுத்தினார்கள். சிரிப்பொலி கேட்டு மேலேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். நான் எதனையும் தடுக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டந் தொடங்குமுன் கோட்டையின் கணக்கை மாத்திரம் வாசித்தேன். களஞ்சியத்தில் தானியம் 1200 மூடை. உண்போர் 300 பேர். மாதமொன்றுக்கு 150 மூடை. எட்டு மாதத்துக்குப் போதும். பனி உருகப் பதினான்கு மாதம். சத்திரம் எரிந்தபின் வணிகர் வேறு வழியாற் போயினர். உப்பு வரத்து நின்றது. அதனையும் கணக்கிற் சேர்த்து வாசித்தேன். மூன்றாம் வாசிப்பின்போது சிரிப்பு நின்றது. நான்காம் இரவில் மருமகள் தனியாக ஓர் அப்பியாசக் கொப்பியோடு வந்தாள்.

அதன்பிறகுதான் ஆட்டம் ஆட்டமாயிற்று. வாள்களைத் தூக்கியவர்கள் இடாப்புகளைத் தூக்கினார்கள். வரி, ஊர்தோறும் ஒரு பிணையாள், இரவில் நடமாடுவதற்கு அனுமதிச் சீட்டு என்று ஒவ்வொன்றாய் வந்தன. என் மகன் ஊர்மக்கள்முன் நிகழ்த்திய உரையில் 'பாதுகாப்பு' என்ற சொல் பதினொரு முறை வந்தது. நான் எண்ணினேன், தொழிற் பழக்கம். தான் கெட்டவனாய் ஆடுவதை அவன் அன்றைக்கு மறந்துபோயிருந்தான். தீயோர் தம்மைத் தீயோரென்று எண்ணுவதில்லை என்பது நாடகத்தில் இராவணன் வேடம் புனைந்த எவர்க்கும் தெரியும். மேசையிலே அதனை ஐவரும் பயிற்சியின்றியே செய்தார்கள். பிணையாட்களைக் காக்கும் பொறுப்பேற்ற படைத்தலைவியோ அவர்களுக்கு நன்றாக உணவளித்து, ஈற்றில் அவர்களுள் ஒருவனிடம் தாயம் ஆடத் தோற்றாள்.

நடத்துநர்க்கு நான் சொல்லக்கூடிய தொழில்நுணுக்கம் ஒன்று உண்டு. தீங்குக்கு ஆளாகும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு தொழிலும் ஒரு சிறு கவலையும் கொடுத்தல் வேண்டும். 'காவலாளி' என்றால் கொன்றுவிடுவார்கள். மகளின் கலியாணத்துக்கு ஆடு சேர்க்கும் ஓடக்காரன் என்றால், அவனைக் கொல்லாதிருப்பதற்காக ஒரு முழு இரவையும் செலவிடுவார்கள். எங்கள் ஐவரும் அப்படியே செய்தார்கள். ஆற்றைக் கடந்ததை அவன் வெளியிடாதிருக்க, ஏழு ஆடுகள் கொடுத்தார்கள். கொடுங்கோலர் எவரும் அத்துணை ஆடு கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

முதலாம் மாரியின் இறுதியில் அந்த இரவு வந்தது.

பள்ளத்தாக்கின் மேற்குக் கரையில் ஒரு துறவிமடம். அங்கே நாலாயிரம் ஏடுகள் இருந்தன. அவற்றிடையே அவ்வூர்களின் காணி உறுதிகளும் இருந்தன. பழைய அரசன் ஒருவன் வரிவிலக்களித்து எழுதிய உறுதிகள் அவை. அவற்றைக் காட்டியே ஊரவர் தானியம் தர மறுத்தனர். மருமகள் கொப்பியைத் திறந்து தெளிவாக எடுத்துரைத்தாள். உறுதி இருக்கும்வரை உரிமை உண்டு. உறுதி எரிந்தால் உரிமை வாய்ப்பேச்சாகிவிடும். வாய்ப்பேச்சுக்குத் தானியம் விலக்களிக்கவேண்டியதில்லை. ஒருவரையும் கொல்லவேண்டாம், துறவிகளை வெளியேற்றிவிட்டுக் கட்டடத்தை மாத்திரம் கொளுத்தினாற் போதும் என்றாள். மற்றவர்கள் தலையசைத்தார்கள். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

நான் நடத்துநர் கேட்கும் கேள்விகளைக் கேட்டேன். எண்ணெய் கொண்டுபோவது யார்? வாயிலில் நிற்பது யார்? முதிய துறவி அசைய மறுத்தால் அவரைத் தூக்குவது யார்? முதலில் எந்த அறை? ஒவ்வொன்றுக்கும் ஒருவர் விடைசொல்ல வேண்டியிருந்தது. "நாங்கள் எரிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போக இவ்வாட்டத்தில் இடமில்லை. ஒருவன் தன் கையால் ஊற்றவேண்டும்.

அதுவரை பேசாதிருந்த அயல்வீட்டுப் பையன், தன் கொலைஞன் மற்றவர்க்கு முன்னதாக உள்ளே போவான் என்றான். எதற்கு என்று கேட்டேன். "தூக்கக்கூடியதைத் தூக்குவதற்கு." ஒருவன் எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு விதி உண்டு: வலிமையைப் பதினைந்தாற் பெருக்கினால் அத்தனை இறாத்தல். அவன் வலிமை 10. ஆக 150 இறாத்தல். "அது எத்தனை புத்தகம்?" என்று கேட்டான். தோற்கட்டுள்ள ஏடொன்று ஐந்து இறாத்தல் என்று வைத்தால் முப்பது என்றேன். நாலாயிரத்தில் முப்பது. எவை என்று கேட்டான். நான் அலுமாரி அலுமாரியாகச் சொல்லத் தொடங்கினேன்: வைத்தியம், வானசாத்திரம், வாய்க்கால்களின் தண்ணீர்முறை, பாட்டுகள், இறந்தோர் பெயர்கள். அவன் ஒவ்வொன்றையும் எடுத்தும் வைத்தும் ஒரு மணித்தியாலம் போயிற்று. மற்றவர்கள் முதலிற் பொறுமையிழந்தார்கள். பின்னர் அமைதியானார்கள். ஒருவர், "பாட்டை வை, வைத்தியத்தை எடு" என்றார். இன்னொருவர் வேண்டாம் என்றார். அட்டை மேசை நடுவே கிடந்தது. அது எனக்கும் உரியதே. எவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. பூசாரிச்சி பகடையை உருட்டினாள். 17 விழுந்தது. மடம் எரிந்தது.

மற்றவர்கள் போனபின் மருமகள் குசினியில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பாராமலே கேட்டாள்: "மாமா, லைபிறறி எரிஞ்ச அண்டைக்கு நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

நான் அதுவரை என் பிள்ளைகளுக்குக்கூடச் சொன்னதில்லை, அவர்கள் கேட்டதுமில்லை. அன்று சொன்னேன். 1981 வைகாசி 31 இரவு. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். வண்ணார்பண்ணையில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் தெற்கே வானம் செம்மை பூண்டிருந்தது. அப்பா எங்களை உள்ளே போகச் சொன்னார். அவர் மாத்திரம் வெளியே நின்றார். யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தில் அன்று ஏறக்குறைய 97,000 நூல்களும் பழைய ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. காலையிற் கருகிய கடதாசித் துணுக்குகள் மாமரத்து இலைகளிற் கிடந்தன. தொட்டால் பொடியாயின. என் மேசையில் அந்த நூலகத்திலிருந்து இரவல் பெற்ற பௌதிக நூலொன்று இருந்தது. திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதி அடுத்த கிழமை. கொடுப்பதற்கு இடமில்லை. 1995 ஐப்பசியில் ஊரே பெயர்ந்து போனபோது அம்மா அவ்வீட்டை விட்டுப் போனார். அத்தோடு அந்த நூலும் போயிற்று.

"தெரியும் மாமா," என்றாள் அவள். "ஆனா ஒரு வசனமாத்தான் தெரியும். இண்டைக்கு நீங்கள் எண்ணெய் ஆர் கொண்டு போறது எண்டு கேட்டனீங்களெல்லோ. அங்கையும் ஆரோ ஒருதன் அதைக் கேட்டிருப்பான். ஆரோ ஒருதன் நான் எண்டு சொல்லியிருப்பான்."

"ஓம் பிள்ளை," என்றேன். வேறு சொல்ல எனக்கு வரவில்லை. கோப்பைகளைத் துடைத்து வைத்தோம். அவளைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன்.

அடுத்த மாரியில் கணக்கு வேறு விதமாய் வந்தது. உறுதிகள் எரிந்தமையால் ஊரவர் வரிவிலக்கை இழந்தனர், அது உண்மை. ஆனால் எல்லைகளும் எரிந்துவிட்டன. எவருடைய வயல் எதுவரை என்று தெரியாமல் இரண்டு ஊர்கள் வாய்க்காற் கரையில் அடிபட்டன. விதைப்பு தவறிற்று. வரி விதிக்கலாம், எந்த நிலத்துக்கு என்று விதிப்பது? காணிச் சண்டையின் சுவையை நம் யாழ்ப்பாணத்து வாசகர்க்கு நான் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. எழுத்தாளர் வழக்கு மேல் வழக்குக் கேட்டு, ஆதாரம் ஒன்றுமின்றித் தீர்ப்பளித்து, தீர்ப்புக்கு ஒரு பகைவராய்ச் சம்பாதித்தார். ஈற்றில் அவர் கொலைஞனின் தாய் வாழும் குடிசைக்கு இரவில் தனியே நடந்து போய், அந்த முப்பதில் ஒன்றாகிய தண்ணீர்முறை ஏட்டைக் கேட்டுக் கதவருகே நின்றார். கொலைஞன் அதனை விற்கவில்லை. தாய்க்கு அவன் பாட்டேட்டை வாசித்து முடிக்கும்வரை எழுத்தாளர் காத்திருக்கவேண்டும் என்றான். இருவரும் அதனை ஆடிய விதத்தை நான் எழுத்திற் கொண்டுவர இயலாது. பகடை அன்று பையை விட்டு வெளியே வரவேயில்லை.

விடுதி மாணவர் எவர்க்கேனும் இதனை முயன்றுபார்க்கும் எண்ணம் எழுமாயின், செலவு குறைவு. மின்சாரம் இல்லாத இரவிலும் ஆடலாம். அடிப்படை விதிகள், எவரும் எடுத்தாளவும் மொழிபெயர்க்கவும் இடமளிக்கும் உரிமத்தின்கீழ் 2023 தை மாதத்தில் வெளியிடப்பட்டுள்ளன. தமிழிற் கொண்டுவர ஒருவர் முன்வந்தால், 'ஓர்க்' என்பதற்கு நல்ல சொல்லொன்றை அவரே கண்டுபிடிக்கட்டும். எனக்கு நாற்பதாண்டாய் அகப்படவில்லை. இருபது முகப் பகடை கிடையாவிட்டால் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ஒரு தகரப்பேணியிற் போட்டுக் குலுக்கலாம். தீயோராய் ஆடப் புகுவோர் முதலில் ஓராண்டேனும் நல்லோராய் ஆடியிருத்தல் நலம். மேசையிலுள்ளவர்கள் ஒருவரையொருவர் நம்பாதவிடத்துத் தீயோர் வேடம் கட்டவே கூடாது.

பனி உருகிற்று. அரசனுடைய சேனை வந்தது. ஓடக்காரன் ஏழு ஆடுகளையும் மறவாமல், ஆனால் தன் ஊரையும் மறவாமல், சேனைக்கு ஆற்றைக் கடக்கும் துறையைக் காட்டிக்கொடுத்தான். அதைப்பற்றி ஒருவரும் முறையிடவில்லை. படைத்தலைவி முற்றுகைக்கு முன்னிரவில் பிணையாட்களை வெளியே அனுப்பிவிட்டுத் தன் வீரர்களோடு மலையேறிப் போனாள். என் மகனின் வீரன் கோட்டை வாயிலிற் குதிரையோடு வீழ்ந்தான். பூசாரிச்சி சுரங்கவழியிற் காணாமற் போனாள். கொலைஞன் தாயின் குடிசையிலேயே இருந்தான்; அவனை எவரும் தேடவில்லை. கோட்டையை விட்டு நகர மறுத்த எழுத்தாளர் பிடிபட்டார்.

கடைசிச் சனிக்கிழமை முழுவதும் அவருடைய விசாரணையே நடந்தது. பாத்திரம் இழந்த மற்ற நால்வரையும் நீதிபதிகளாக்கினேன். அரசன் பொறுப்பு என்னுடையது. மருமகள் தன் பக்கத்தைத் தானே வாதாடினாள். மடத்தை எரித்த குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டபோது மற்றைய நால்வரும் அதில் இருந்தார்கள் என்று சொல்லித் தப்ப வழியிருந்தது. அவள் சொல்லவில்லை. எண்ணெய் ஊற்றிய கை பூசாரிச்சியுடையது என்றும் சொல்லவில்லை. அந்தப் பூசாரிச்சியை ஆடியவள் நீதிபதியின் இருக்கையில் இருந்தாள். எரிந்தவற்றை ஊர் ஊராய்ப் போய் முதியோர் வாய்மொழியிற் கேட்டு மீண்டும் எழுதித் தருவேன், அதற்குப் பத்தாண்டு பிடிக்கும், அதன்பின் தூக்கிலிடுங்கள் என்று கேட்டாள். நீதிபதிகளுள் இருவர் உடன்பட்டனர். அயல்வீட்டுப் பையனும் பூசாரிச்சியாய் இருந்தவளும் உடன்படவில்லை. எரித்தவர் கையால் எழுதப்படும் உறுதியை எந்த ஊர் நம்பும் என்று கேட்டான் அவன். சரிபாதி. அரசனே முடிவு சொல்லவேண்டும் என்றார்கள். நான் பகடையை எடுத்தேன். ஐவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

நேரமோ பதினொன்றரை. கடைசிப் பேருந்துக்குப் போகவேண்டியவர்கள் படிக்கட்டிற் சப்பாத்து மாட்டிக்கொண்டே வாதாடினார்கள். வெளியே பனி கொட்டியது. அதன்பின் மருமகளுக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்தது. மகன் வீடு மாறினான். வழக்கு நிலுவையில் இருக்கிறது. கொப்பியும் அட்டையும் நிலக்கீழறை மேசையிலேயே கிடக்கின்றன. வருகிற நத்தார் விடுமுறைக்கு எல்லோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.